தவுக்சான் யுத்தக் கல்லறையில கானா நாட்டு வீரர்கள் பேர தேடிப் படிக்கிறது எப்படி

ரங்கூன்ல இருக்கற நம்ம ஆளுங்க முக்காவாசிப் பேரு தவுக்சான் யுத்தக் கல்லறைய பியே ரோட்டுல போறப்ப பஸ்ல இருந்தாவது பாத்திருப்பீங்க. உள்ள போனவங்களும் மதராஸ் ரெஜிமென்ட், மதராஸ் சாப்பர்ஸ்னு நம்மூரு பேருங்க இருக்கற இடத்தத்தான் நேரா தேடிப் போவாங்க, அது நியாயம்தான், சொந்த ரத்தம். ஆனா கல்லறைக்குள்ள இருக்கற அதே நினைவு மண்டபத்துல, ரெண்டாம் உலகப் போருல பிரிட்டிஷ் படையில ஜப்பான்காரன எதிர்த்துச் சண்ட போட மேற்கு ஆப்பிரிக்காவுல இருந்து கப்பல் ஏறி வந்து இந்த மண்ணுலயே போயிட்டவங்க பேரும் வரிசையா செதுக்கியிருக்கு, அத யாரும் நின்னு படிக்கறதே இல்ல. எனக்கு அது மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும். அந்தப் பேருங்கள எப்படித் தேடறது, எப்படிப் படிக்கறதுன்னு எனக்குத் தெரிஞ்சத எழுதறேன். கானாவ மட்டும் எடுத்துக்கறேன், அப்ப அதுக்குப் பேரு கோல்ட் கோஸ்ட், பிரிட்டிஷ்காரன் காலனி.

முதல்ல வீட்டுலயே ஒரு வேலை இருக்கு. காமன்வெல்த் யுத்தக் கல்லறை ஆணையத்தோட வெப்சைட்ல செத்தவங்க பேர தேடற வசதி ஃப்ரீயா இருக்கு. இடம்ங்கற கட்டத்துல ரங்கூன் மெமோரியல்னும் (அந்த மண்டபத்தோட பேரு அதுதான்), ரெஜிமென்ட்ங்கற கட்டத்துல கோல்ட் கோஸ்ட் ரெஜிமென்ட்னும் குடுத்துத் தேடுங்க. ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல 'ஃபேஸ்'னு ஒரு நம்பர் வரும், தூணோட எந்தப் பக்கத்துல அந்தப் பேரு இருக்குன்னு அர்த்தம், அத கண்டிப்பா எழுதி வெச்சுக்கங்க. ஏன்னா அந்த மண்டபத்துல மட்டும் 27,000 பேரு கிட்ட இருக்கு, நம்பர் இல்லாமப் போனா வெயில்ல சுத்தி சுத்தி வந்து கழுத்து வலிதான் மிச்சம். கல்லறை இருக்கறவங்கள பாக்கணும்னா இடத்த தவுக்சான் வார் செமட்ரின்னு மாத்தித் தேடுங்க, அங்க 6,000க்கு மேல கல்லறை இருக்கு.

மண்டபத்துல பேரு இருந்தா, அவருக்குத் தெரிஞ்ச கல்லறை இல்லன்னு அர்த்தம். இது ஏன்னு புரிஞ்சுக்க அவங்க எங்க சண்ட போட்டாங்கன்னு தெரியணும். 81வது, 82வதுன்னு மேற்கு ஆப்பிரிக்க டிவிஷன் ரெண்டு வந்துச்சு, நைஜீரியா, கோல்ட் கோஸ்ட், சியரா லியோன், காம்பியா ஆளுங்க எல்லாம் கலந்து. 81வது டிவிஷன் பர்மாவோட மேற்குப் பக்கம் அரக்கான்ல கலடன் ஆத்துப் பள்ளத்தாக்குக்குப் போச்சு. அங்க ரோடே கிடையாது, வங்காளத்துப் பக்கம் சிரிங்காவுல இருந்து மலைய வெட்டி 75 மைலுக்கு ஜீப் பாதை இவங்களேதான் போட்டாங்க, அதுக்கு அப்புறம் அதுவும் இல்ல, மாசக்கணக்கா பிளேன்ல இருந்து இவங்களுக்குப் போடற சாப்பாடும் துப்பாக்கித் தோட்டாவும்தான், அத தலைச்சுமையா தூக்கிட்டுக் காட்டுக்குள்ள நடந்தாங்க. அப்படிப் போற வழியில செத்தவங்கள அங்கேயே பொதச்சுட்டு மேல நடந்திருக்காங்க, அப்புறம் போய்த் தேடினா அந்த இடத்த காடு மூடிருச்சு. 1945 ஜனவரியில ஜப்பான்காரன் கையில இருந்த மியோஹாங் விழுந்துச்சு, இப்ப நாம ம்ராவுக்-ஊன்னு சொல்ற ஊருதான். இன்னிக்கும் கானாவுல ராணுவத் தலைமையகம் இருக்கற இடத்துக்குப் பேரு பர்மா கேம்ப், அக்ரா நகரத்துல.

நம்ம வீடுகள்ல பெரியவங்க, ஜப்பான்காரனோட சேந்து பிரிட்டிஷ்காரன எதிர்த்த நேதாஜியோட இந்திய தேசிய ராணுவம், அதாவது ஐஎன்ஏ-வுல இருந்திருந்தா இதையும் தெரிஞ்சுக்கங்க, 1944ல சுபாஷ் பிரிகேடோட ஒரு பட்டாளம் அதே கலடன் பக்கம் இருந்துச்சு, அவங்களுக்கு எதிர்ல நின்னது இந்த ஆப்பிரிக்கப் படைதான். ரெண்டு பக்கமும் அடிமைநாட்டுக்காரங்க. ஐஎன்ஏ தாத்தா படம் சுவத்துல மாட்டியிருக்கற வீட்டுப் பிள்ளைங்களும் தாராளமா போய் இந்தப் பேருங்கள படிக்கலாம், அதுல ஒரு தப்பும் இல்ல.

இப்ப பேர படிக்கறது. கானாவுல அக்கான் மக்கள், அதாவது அசாந்தி, ஃபாந்தி மாதிரி இனத்துக்காரங்க, குழந்த பொறந்த கிழமைய வெச்சுப் பேரு வெப்பாங்க. பர்மாவுல இருக்கற நமக்கு இத வெளக்கவே வேணாம், ஷ்வேடகன் பகோடாவுல அவங்கவங்க கிழம மூலையில தண்ணி ஊத்தறோம், பர்மாக்காரங்க பேரு அவுங்னு ஆரம்பிச்சா ஞாயிறு, மியோன்னா வியாழன்னு சொல்லிடறோம், அங்கயும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஞாயித்துக்கிழம பொறந்த பையன் குவாசி, திங்கள் குவாட்வோ இல்லன்னா கோஜோ, செவ்வாய் குவாபெனா இல்லன்னா கோபினா, புதன் குவாக்கு, வியாழன் யாவ், வெள்ளி கோஃபி, சனி குவாமே. கடக்கரப் பக்க ஃபாந்தி ஆளுங்க சொல்றதுல கொஞ்சம் மாறும், குவாக்குவ குவெக்குன்னும் குவாசிய குவெசின்னும் சொல்லுவாங்க, அதுல ராணுவ கிளார்க்கு காதுல விழுந்தபடி எழுதினதும் சேந்து ஒரே பேரு நாலு விதமா இருக்கும், அதனால வாய்விட்டுப் படிங்க, புடிபடும். இத தெரிஞ்சுக்கிட்டா தூணுக்கு முன்னால நிக்கறப்ப இவரு வெள்ளிக்கிழம பொறந்தவரு, இவரு சனின்னு தெரியும், பொறந்த வருஷம் தெரியாட்டியும் அவங்க அம்மாவுக்கு எந்தக் கிழம வலி எடுத்துச்சுன்னு நமக்குத் தெரிஞ்சுடுது பாருங்க.

பொம்பளைங்களுக்கும் இதே மாதிரி உண்டு, வியாழக்கிழம பொண்ணு யா. 1900ல அசாந்திகளோட தங்க ஆசனத்த கொண்டான்னு பிரிட்டிஷ் கவர்னர் கேட்டப்ப படை திரட்டினது யா அசாந்தேவா, எஜிசு ஊரு ராணித்தாய். பிடிச்சு செஷல்ஸ் தீவுக்கு அனுப்பிட்டாங்க, 1921ல அங்கயே இறந்துட்டாங்க. அசாந்தி மன்னர் பிரெம்பேவும் அங்கதான் இருந்தாரு, பர்மாவோட கடைசி மன்னர் தீபோவ ரத்தினகிரிக்குக் கொண்டு போனானுங்களே அதே வேலைதான். பிரெம்பேவாவது 1924ல ஊரு திரும்பினாரு.

ரெண்டாவது பேருல இன்னொரு விஷயம் இருக்கு. க்ருன்ஷி, ஃப்ராஃப்ரா, மோஷி, டகோம்பா மாதிரி வந்தா அது குடும்பப் பேரு இல்ல, அவங்க இனத்துப் பேரு, சில பேருக்கு சொந்த ஊரு பேரே இருக்கும், சேரும்போது ராணுவம் அப்படித்தான் எழுதிக்கிச்சு. இவங்க வடக்கு கானாவும் அதுக்கும் மேல இருக்கற பக்கமும், வறண்ட பூமி, பிரிட்டிஷ்காரன் ரொம்பக் காலமா சிப்பாய்க்கு அங்கதான் ஆள் எடுத்தான், முசா, இசா, புக்காரின்னு முஸ்லிம் பேருங்களும் அதனாலதான் நெறைய பாப்பீங்க. தெற்க படிச்ச பசங்கள ரெண்டாம் உலகப் போருலதான் டிரைவர், சிக்னல், கிளார்க்குன்னு நெறைய எடுத்தாங்க. இத மனசுல வெச்சுக்கிட்டு ஒரு பக்கம் முழுக்கப் படிச்சீங்கன்னா கானாவோட வடக்கும் தெக்கும் உங்களுக்குத் தானா பிரிஞ்சு தெரியும்.

81வது டிவிஷன் சட்டையில குத்தின சின்னம் ஒரு கறுப்புச் சிலந்தி. எங்கயாவது பழைய போட்டோவுல பாத்தா சும்மா பூச்சின்னு விட்டுடாதீங்க, அது அனான்சி. அக்கான் கதைகள்ல வர்ற சிலந்தி, உருவம் சின்னது, புத்திய வெச்சே பெரிய பெரிய மிருகத்தயெல்லாம் கவுத்து, உலகத்துக் கதையெல்லாம் வானக் கடவுள் கிட்ட இருந்து வாங்கிட்டு வந்தது. அடிமைக் கப்பல்ல போனவங்க ஜமைக்காவுக்கும் அந்தக் கதைய கொண்டு போனாங்க. பிள்ளைங்கள கூட்டிட்டுப் போனா இந்தக் கதைய சொல்லிக்கிட்டே போங்க, அவங்க ஆர்வமா வருவாங்க.

அங்க போய் என்ன செய்யறதுன்னு கேட்டா, சூடம், அகர்பத்தி ஏத்தாதீங்க, தேங்கா ஒடைக்காதீங்க, நம்ம வழக்கம்தான் ஆனா புல்லும் கல்லும் பாழாகும். அக்கான் மக்கள் இறந்தவங்க பேர சொல்லிக் கூப்பிட்டுத் தரையில கொஞ்சம் தண்ணியோ சாராயமோ ஊத்துவாங்க. நீங்க புல்லுல ஒரு கை தண்ணி ஊத்தி பேர சத்தமா சொன்னாப் போதும். வலது கையாலயே ஊத்துங்க, இடது கையால எதையும் குடுக்கறது அவங்களுக்கும் மரியாத இல்ல.

இங்க சாகாம ஊரு திரும்பினவங்க கதையையும் சேத்துச் சொன்னாதான் அந்தத் தூணுக்கு அர்த்தம் வரும். பர்மாவுக்கு 1948 ஜனவரி 4 சுதந்திரம். அதே வருஷம் பிப்ரவரி 28, அக்ராவுல பழைய சிப்பாய்ங்க பென்ஷனும் வேலையும் சொன்னபடி தரலன்னு மனு எடுத்துட்டு கவர்னர் கோட்டைக்கு ஊர்வலமாப் போனாங்க, கையில ஆயுதம் இல்ல. போலீஸ் அதிகாரி சுட்டாரு, சார்ஜென்ட் அட்ஜெத்தே, கார்ப்பரல் அத்திப்போ, ப்ரைவேட் ஒடார்த்தே லாம்ப்தே மூணு பேரும் அங்கேயே செத்தாங்க. ஊரே பத்திக்கிச்சு, பின்னாடி கானாவோட முதல் பிரதமரான குவாமே இங்க்ருமா உட்பட ஆறு தலைவர்கள உள்ள போட்டாங்க, ஆனா அதுக்கப்புறம் நிறுத்த முடியல, 1957 மார்ச் 6ல கானா விடுதலை, பிரிட்டனோட மேற்கு ஆப்பிரிக்கக் காலனிகள்ல அதுதான் முதல். 2016ல அரக்கான் பிரச்சினைய ஆராயற கமிஷனுக்குத் தலைவரா வந்த, ஐ.நா. முன்னாள் பொதுச்செயலாளர் கோஃபி அனானும் அந்த நாட்டுக்காரருதான், பேர பாத்தே இப்ப கிழம சொல்லிடுவீங்க.

போறதுக்கு நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் நல்லது, காலையிலேயே போயிடுங்க, நுழைவுக் கட்டணம் கெடையாது. தொப்பி, தண்ணி, அடையாள அட்டை, ஃபேஸ் நம்பர் எழுதின தாளு எடுத்துக்கங்க. கல்லறைங்க நிமிந்து நிக்காது, தரையோட ஒட்டின சின்னப் பீடத்துல தகடு இருக்கும், குனிஞ்சுதான் படிக்கணும், பெரியவங்கள கூட்டிட்டுப் போனா மண்டபத்துல உக்கார வெச்சுட்டு நீங்க மட்டும் வரிசைக்குள்ள போங்க. போட்டோ எடுத்தா பேரு மட்டும் எடுக்காம ரெஜிமென்ட் தலைப்பும் ஃபேஸ் நம்பரும் தெரியற மாதிரி எடுங்க, கானாவுல அவங்க பேரப்பிள்ளைங்க யாராவது என்னிக்காவது தேடினா அந்த நம்பர் இருந்தாதான் அவங்களுக்கு உதவும்.