பழைய ஆம்ப்ளிஃபையர் வாங்கும் முன்: ஒரு மல்டிமீட்டரும் ஒரு குண்டு பல்பும்

பழைய ஆம்ப்ளிஃபையர் விற்பவரிடம் விலையை விசாரிக்கும் முன் நான் கேட்பது ஒன்றுதான்: "ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்கலாமா?" மறுப்பவரிடம் நான் வாங்குவதில்லை.

கொண்டுபோக வேண்டியவை இரண்டு. 200 மில்லிவோல்ட் டிசி (நேர் மின்னோட்டம்) அளவு உள்ள சாதாரண மல்டிமீட்டர். விலை கூடிய மீட்டர் இந்த வேலைக்குத் தேவையே இல்லை. அடுத்து, 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் இணைத்த ஒரு பிளக் போர்டு. எல்இடி பல்பு இதற்கு உதவாது. மின்னழுத்தத்தை மெதுவாக ஏற்ற வேரியாக் வாங்கச் சொல்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவருக்குக் குண்டு பல்பே நல்லது என்பேன். உள்ளே ஷார்ட் இருந்தால் மின்னோட்டத்தைத் தானாகவே மட்டுப்படுத்திவிடும்.

ஸ்பீக்கரை இணைக்காமல், பல்பு வழியாக மின்சாரம் கொடுங்கள். பல்பு ஒரு கணம் பிரகாசித்து மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள். கிளாஸ் ஏ வகை இயல்பாகவே அதிக மின்சாரம் இழுக்கும், அதில் பல்பு மங்காமல் எரிவதை வைத்து முடிவுகட்டக் கூடாது.

அடுத்து பல்பை நீக்கி நேரடியாக இணையுங்கள். ரிலே (ஸ்பீக்கரை இணைக்கும் தானியங்கி சுவிட்ச்) உள்ள கருவியானால் சில விநாடிகளில் உள்ளே 'டக்' என்று அது விழும் ஓசை கேட்க வேண்டும். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துப் பத்து நிமிடம் சூடாக விடுங்கள். பிறகு ஸ்பீக்கர் முனைகளின் சிவப்பிலும் கறுப்பிலும் மீட்டரை வைத்து டிசி அளவு பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. 100ஐத் தாண்டினால் பழுது இருக்கிறது என்று கொள்ளுங்கள்.

நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான். 1980களின் ஜப்பானிய ஆம்ப்ளிஃபையர் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். இரண்டு பக்கமும் மீட்டர் 0.0 என்று காட்டியது. இவ்வளவு சுத்தமான கருவியா என்று மகிழ்ந்து, கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டேன். வீட்டில் ஸ்பீக்கரை மாட்டி, ஸ்பீக்கர் முனைகளை இணைக்கும் 'ஏ' பொத்தானை அழுத்தியதும் இடது பக்கம் 'டப்' என்றது. நிறுத்தி மறுபடி அழுத்தினேன், மறுபடியும் 'டப்'. ஸ்பீக்கரைக் கழற்றி அளந்தேன்: 380 மில்லிவோல்ட். விற்பவர் வீட்டில் 'ஏ' பொத்தான் அணைந்திருந்தது. இணைப்பே இல்லாத முனைகளை அளந்துவிட்டு வந்திருக்கிறேன்! ரிலே விழாவிட்டாலும், சில கருவிகளில் ஹெட்போன் செருகியிருந்தாலும் இதே பூஜ்யம்தான் வரும். நல்ல ஆம்ப்ளிஃபையரில்கூட 3, 7, 12 என்று சிறு எண்கள் அசைந்துகொண்டே இருக்கும். அசையாத 0.0ஐக் கண்டால் முதலில் பொத்தானைப் பாருங்கள்.

அந்த 380 மில்லிவோல்ட்டுக்குக் காரணம், உள்ளீட்டில் ஜோடியாக இயங்கும் இரு சிறு டிரான்சிஸ்டர்களில் ஒன்று கசிந்திருந்தது. பாகம் மலிவு, கண்டுபிடிக்கத்தான் இரண்டு வாரம் ஆனது.

இப்போது ஸ்பீக்கரை மாட்டி, மிகக் குறைந்த ஒலியில் ஒரு குரல் பாட்டு போடுங்கள். ஒரு பக்கம் கரகரத்தோ மறைந்தோ போய், ஒலியைக் கூட்டியதும் திரும்பினால் ரிலே முனைகள் கறுத்திருக்கின்றன. உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், புது ரிலே போடுங்கள். மேல்மூடியைத் திறக்க அனுமதித்தால், மின்னூட்டத்தைச் சேமிக்கும் உருளை வடிவக் கண்டன்சர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். அடியில் பழுப்பாகத் தெரிவது எப்போதும் கசிவல்ல, தொழிற்சாலைப் பசையாகவும் இருக்கும். ஆனால் அந்தப் பசையே காலப்போக்கில் கறுத்துப் பாகங்களின் கால்களை அரிக்கும். பழுதுபார்ப்பவரைக் கொண்டு சுரண்டி எடுப்பது நல்லது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் பெரிய கண்டன்சர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கும், உள்ளே கை வைக்காதீர்கள்.

மறுவிற்பனை மதிப்பைப் பொறுத்தவரை, பழுது பார்க்க முடிகிற கருவிக்குத்தான் விலை நிற்கிறது. 1978இல் வந்த என்.ஏ.டி. 3020 போன்ற எளிய சர்க்யூட்டை இன்றும் சரிசெய்துவிடலாம். 1970களில் யமஹாவும் சோனியும் வி-ஃபெட் என்ற தனி வகை டிரான்சிஸ்டர்களை வைத்துச் செய்தவை கேட்க அருமையானவை, ஆனால் அந்தப் பாகங்கள் இப்போது உற்பத்தியில் இல்லை. எச்டிஎம்ஐ உள்ள ரிசீவர்கள் ஒவ்வொரு தலைமுறை மாற்றத்திலும் மதிப்பை இழக்கின்றன, இரண்டு சானல் ஆம்ப்ளிஃபையருக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஸ்பீக்கரை இயக்கும் வெளியீட்டு டிரான்சிஸ்டரை மாற்றியிருந்தால் எங்கே வாங்கியது என்று கேளுங்கள். கடைகளில் "5200, 1943" என்று கேட்டு வாங்கும் தோஷிபா ஜோடிக்குப் போலிகள் ஏராளம். நீங்கள் ஏதாவது மாற்றினால் ரசீதையும் கழற்றிய பாகங்களையும் ஒரு பையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். விற்கும்போது அந்தப் பை பேசும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர் வால்வு (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபையரில் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அளக்கப் பார்த்தார். வேண்டாம்! மெக்கின்டாஷ் எம்சி275 போன்ற வால்வு கருவிகளைச் சுமையில்லாமல் இயக்கினால் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் கெடலாம். அந்த டிரான்ஸ்ஃபார்மரே டிசியைத் தடுத்துவிடுவதால் இந்தச் சோதனை அங்கே எதையும் சொல்லாது.

இன்னொருவர் ஜப்பான் உள்நாட்டு மாடலை அப்படியே 230 வோல்ட்டில் செருகிவிட்டார். அது 100 வோல்ட் கருவி. பின்பக்கத் தகட்டில் எழுதியிருக்கும் வோல்ட் அளவைப் படித்த பிறகே பிளக்கைத் தொடுங்கள்.