எட்டு கம்ப்யூட்டர் உள்ள ஆபீசுக்குக் குறைந்த செலவில் பொது ஃபைல் சேமிப்பு: எதை வாங்குவது, எப்படி மாட்டுவது

ஆடிட்டர் ஆபீசோ டிசைன் சென்டரோ, எட்டுப் பத்து பேர் ஒரே ஃபைலைத் தொடும் இடத்தில் அந்த ஃபைல் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும். பென்டிரைவிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றினால் எது கடைசித் திருத்தம் என்று யாருக்கும் தெரியாது. இதற்குப் பெரிய சர்வர் தேவையில்லை.

கடைக்குப் போகும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். எல்லாக் கம்ப்யூட்டரிலும் உள்ள ஆபீஸ் ஃபைல்கள் மொத்தம் எவ்வளவு? போன வருடம் சேர்ந்தது எவ்வளவு? இப்போது 600 ஜிபி, வருடத்துக்கு 250 ஜிபி என்றால் நான்கு வருடத்தில் 1.6 டிபி ஆகும். ஃபைல்களின் பழைய பதிப்புகளுக்கும் இடம் வேண்டும், டிஸ்கில் ஐந்தில் ஒரு பங்கு காலியாகவும் இருக்க வேண்டும். அதனால் 4 டிபி வாங்குங்கள். விண்டோஸில் அது 3.63 டிபி என்றுதான் தெரியும். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான்.

ரவுட்டரின் யுஎஸ்பி துளையில் டிஸ்கைச் செருகிப் பகிர்வதுதான் இருப்பதிலேயே மலிவு. ஆனால் ஆபீசுக்கு அது வேண்டாம். பல ரவுட்டர்கள் எஸ்எம்பி 1 என்ற பழைய முறையில் பகிர்கின்றன. 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) பரவியது அதில் இருந்த ஓட்டை வழியாகத்தான். மூன்று நான்கு பேர் மட்டும் என்றால் ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஃபோல்டரை ஷேர் செய்தால் போதும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஒரே நேரத்தில் 20 இணைப்பு வரைதான் அனுமதி. அந்தக் கம்ப்யூட்டர் அப்டேட்டுக்காக ரீஸ்டார்ட் ஆனால் எல்லோர் வேலையும் நிற்கும்.

பழைய கம்ப்யூட்டரைப் பொது ஃபைல் சேமிப்பாக மாற்றும் ஓப்பன்மீடியாவால்ட் போடலாம், சாஃப்ட்வேர் இலவசம். ஆனால் அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஒருவர் ஆபீசில் இருக்க வேண்டும். கரண்டையும் கணக்கில் எடுங்கள். 60 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் இரவு பகலாக ஓடினால் மாதம் 43 யூனிட் ஆகும். இரண்டு டிஸ்க் போடும் நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் எல்லோரும் ஃபைல் வைக்கும் தனிச் சேமிப்புப் பெட்டி) 20 வாட் இழுத்தால் 14, 15 யூனிட்தான். எட்டுப் பேருக்கு இந்த நாஸ் பெட்டியே பொருந்தும். ஸ்னாப்ஷாட் வசதி (குறிப்பிட்ட நேரத்தில் ஃபைல்கள் இருந்த நிலைக்குத் திரும்பும் வசதி) உள்ள மாடலா என்று கேட்டு வாங்குங்கள், ஒரே கம்பெனியின் அடிமட்ட மாடல்களில் அது இல்லாமல் போவதுண்டு.

டிஸ்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மலிவான டெஸ்க்டாப் டிஸ்குகள் பல எஸ்எம்ஆர் வகை. ஓட்டுக்கூரையில் ஓடு அடுக்குவது போல தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும், ஒன்றைத் திருத்தினால் பக்கத்தில் உள்ளதையும் திரும்ப எழுத வேண்டும். ஒரு டிஸ்க் போய் புதியதை மாட்டி பிரதி எடுக்கும்போது வேலை மிக மெதுவாகும், சில நேரம் நாஸ் அந்த டிஸ்கையே கெட்டது என்று தள்ளிவிடும். தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகையைக் கேளுங்கள்: சீகேட் ஐயன்வுல்ஃப், டபிள்யூடி ரெட் பிளஸ். பெயரில் 'பிளஸ்' இல்லாத டபிள்யூடி ரெட், 2 முதல் 6 டிபி வரை எஸ்எம்ஆர்தான்.

அடுத்தது வயர். கம்ப்யூட்டர்களையும் நாஸையும் இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் ஜிகாபிட்டாக (1000 எம்பிபிஎஸ்) இருந்தும் வேகம் வராவிட்டால் கேபிள் முனையில் உள்ள கண்ணாடி போன்ற பிளக்கைத் தூக்கிப் பாருங்கள். எட்டு நிற வயரும் உள்ளே போயிருக்க வேண்டும். பழைய ஆபீஸ்களில் நான்கை மட்டும் கிரிம்ப் செய்திருப்பார்கள், அதில் 100 எம்பிபிஎஸ்தான் ஓடும். சோதனை எளிது. 1 ஜிபி ஃபைலை நாஸுக்குக் காப்பி செய்யுங்கள். பத்து விநாடியில் முடிந்தால் எல்லாம் சரி. ஒன்றரை நிமிடம் ஆனால் கேபிளிலோ ஸ்விட்சிலோ குறை.

மாட்டும் முறை:

1. இரண்டு டிஸ்கையும் ரெய்டு 1 ஆக, அதாவது இரண்டிலும் ஒரே ஃபைல்கள் இருக்கும்படி அமைக்கவும். ஒன்று போனாலும் மற்றதில் வேலை ஓடும்.
2. ரவுட்டரில் நாஸுக்கு ஒரு ஐபி முகவரியை ஒதுக்கவும். இல்லாவிட்டால் கரண்ட் போய் வந்ததும் முகவரி மாறலாம்.
3. ஆளுக்கு ஒரு யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுக்கவும். பாஸ்வேர்டு இல்லாத ஷேரை விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பு திறக்க மறுக்கும்.
4. சம்பளம், கணக்கு, பொது, ஸ்கேன் என ஃபோல்டர்களைப் பிரித்து, யார் பார்க்கலாம், யார் மாற்றலாம் என்று குறிக்கவும்.
5. வேலை நேரத்தில் மணிக்கு ஒரு ஸ்னாப்ஷாட், 14 நாள் வரை வைத்திருக்கவும்.
6. யுபிஎஸ்ஸிலிருந்து நாஸுக்கு யுஎஸ்பி கேபிள் இணைக்கவும். பேட்டரி இறங்கும்போது பெட்டி தானாக ஒழுங்காக அணையும். லேசர் பிரின்டரை அந்த யுபிஎஸ்ஸில் செருகக்கூடாது.
7. வெளியிலிருந்து திறக்க ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (நாஸை நேராக இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடுவது) செய்யவே கூடாது, விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பு வழியாக வாருங்கள்.

டேலி டேட்டாவை நாஸில் வைத்துப் பலர் திறக்க கோல்டு லைசென்ஸ் வேண்டும், சில்வர் ஒருவருக்குத்தான். அந்தக் கம்ப்யூட்டர்கள் வைஃபையில் இருக்கக் கூடாது, எழுதும் நடுவே இணைப்பு விட்டால் டேட்டா கெடும். அவுட்லுக் மெயில்களைச் சேமிக்கும் பிஎஸ்டி ஃபைலை நாஸில் வைக்காதீர்கள். அதை நெட்வொர்க் வழியாகத் திறந்து வேலை செய்வதை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை.

ரெய்டு 1 இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று கேட்பவர்கள் நிறைய. ஒருவர் ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்கிலும் அதே நொடியில் அழியும். ரான்சம்வேர் பூட்டினாலும் அப்படியே. ஆகவே இரண்டு யுஎஸ்பி டிஸ்க் தனியாக வாங்குங்கள். ஒன்று நாஸில் இருக்கும்போது மற்றது முதலாளி வீட்டில், வெள்ளிக்கிழமை மாற்றிக்கொள்ளுங்கள். பணம் இடித்தால் நாஸ் மாடலைக் குறைத்துக்கொள்ளுங்கள், இந்த இரண்டு டிஸ்கைக் குறைக்காதீர்கள். மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஒரு எக்செல் ஃபைலையும் டேலி டேட்டாவையும் வேறொரு கம்ப்யூட்டருக்கு எடுத்து, திறக்கிறதா என்று பாருங்கள்.