பிறப்புச் சான்று: எந்த ஆபீஸ், என்ன காகிதம், எங்கே சிக்கும்

குழந்தை எந்த ஊரில் பிறந்ததோ அந்த ஊருக்கு உரிய பதிவாளரிடம்தான் பிறப்புச் சான்று கிடைக்கும். பெற்றோர் எங்கே குடியிருக்கிறார்கள், ரேஷன் கார்டு எந்த ஊரில் இருக்கிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் அலைச்சல் பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போவது நம் வழக்கம். கடைசி நேரத்தில் சிக்கல் என்றால் கடலூரிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள். இப்படி மூத்த பையனின் பதிவு பண்ருட்டியிலும் சின்னவளின் பதிவு உழவர்கரையிலும் கிடக்கும். குடும்பம் மஞ்சக்குப்பத்தில் இருக்கும்.

ஜிப்மர் இருக்கும் கோரிமேடு உழவர்கரை நகராட்சி எல்லைக்குள் வருகிறது. 'பாண்டிச்சேரியில் பிறந்தது' என்று புதுச்சேரி நகராட்சியில் போய் வரிசையில் நின்றால் அரை நாள் வீண். காலாப்பட்டும் உழவர்கரைதான். கடலூர் சாலையில் கிருமாம்பாக்கம் பக்கம் பிறந்த குழந்தைக்குப் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து (புதுச்சேரியின் கிராமப்புற உள்ளாட்சி). மீதிப் பகுதிகள் அரியாங்குப்பம், வில்லியனூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு கொம்யூன்களுக்குள் பிரிந்து கிடக்கின்றன. ஒரு தெரு தமிழ்நாடு, அடுத்த தெரு புதுச்சேரி என்று இருக்கும் இடங்களில் ஊகம் உதவாது. டிஸ்சார்ஜ் ஆகும்போதே மருத்துவமனையில் இரண்டு விஷயம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: பிறப்புத் தகவலை எந்த அலுவலகத்துக்கு அனுப்புகிறீர்கள், எந்தத் தேதியில் அனுப்பினீர்கள்.

கடலூர் நகருக்குள் என்றால் மாநகராட்சி சுகாதாரப் பிரிவு. கடலூர் 2021இல்தான் மாநகராட்சி ஆனது. அதற்கு முந்தைய சான்றுகளில் 'நகராட்சி' என்று இருப்பதில் தவறில்லை. சிதம்பரம், விருத்தாசலம், பண்ருட்டி போன்ற ஊர்களுக்கு அந்தந்த நகராட்சி. சின்ன ஊர்களுக்குப் பேரூராட்சி. அண்ணாமலைநகர் சிதம்பரத்தோடு ஒட்டியிருந்தாலும் தனிப் பேரூராட்சி என்பது பலருக்குச் சட்டென்று நினைவுக்கு வராது. கிராமத்தில் வீட்டில் நடந்த பிரசவம் என்றால் வி.ஏ.ஓ. அவரிடம் நடப்புப் பதிவேடு மட்டும் இருக்கும். பழையவை தாலுகா ஆபீஸுக்குப் போய்விடும். அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பிறந்திருந்தால் முதலில் அங்கேயே கேளுங்கள், பதிவாளர் அங்கேயே இருக்கலாம்.

முதல் 21 நாள்

1969ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பிறப்பை 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. மருத்துவமனைப் பிரசவம் என்றால் தெரிவிப்பது மருத்துவமனையின் கடமை. வீட்டுப் பிரசவம் என்றால் குடும்பத் தலைவர் போக வேண்டும். தகவல் படிவம் 1இல் போகிறது. அதன் சட்டப் பகுதிதான் பிறகு பதிவேடாகக் கட்டப்படுகிறது. ஆகவே அந்தப் படிவத்தை யார் நிரப்பினாலும் பெற்றோரில் ஒருவர் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவது நல்லது. பிரசவ வார்டின் பரபரப்பில், தாயின் பெயரைச் சொல்லக் கேட்டுச் சித்தியோ பக்கத்துக் கட்டில்காரரோ எழுதிக்கொடுத்த துண்டுச் சீட்டு அப்படியே பதிவாகிப் போவதுண்டு.

கையில் இருக்க வேண்டியவை: பெற்றோர் இருவரின் ஆதார், தாயின் கர்ப்பப் பதிவு அட்டை, டிஸ்சார்ஜ் சம்மரி. தமிழ்நாட்டில் கர்ப்ப காலத்தில் கொடுத்த ஆர்.சி.எச். எண் இல்லாமல் பிறப்புப் பதிவு நகராது. கிராம சுகாதார செவிலியர் எழுதிக்கொடுத்த அந்த அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் பிரசவத்துக்குப் போகாதீர்கள். பதிவு முடிந்ததும் முதல் சான்று இலவசம். அதற்குக் காசு கேட்டால் ரசீது கேளுங்கள். கூடுதல் பிரதிகளுக்கு மட்டும் கட்டணம் உண்டு.

பெயர்

பெயர் வைக்காமலே பதிவு செய்யலாம். சான்றில் பெயருக்கான இடம் காலியாக வரும். பிறந்த 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணமில்லை, அதற்குமேல் 15 வயது வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். இந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்வதே நல்லது என்போம். பெயர் முடிவாகாத நிலையில் அவசரப்பட்டு ஏதோ ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பிறகு மாற்றக் கேட்பதைவிட, காலியாக விட்டுவிட்டுத் தீர்மானமாக எழுதிக்கொடுப்பது எவ்வளவோ மேல். ஏறிய பெயரில் எழுத்துப் பிழையைத் திருத்துவார்கள். வேறு பெயராக மாற்றித் தரமாட்டார்கள். ஜாதகத்தில் எழுத்து மாறிவிட்டது, நியூமராலஜியில் ஓர் எழுத்து கூட வேண்டும் என்பதெல்லாம் கவுன்டரில் எடுபடாது.

ஆங்கில எழுத்துக்கூட்டை வீட்டிலேயே முடிவு செய்து, பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். யாழினி என்ற பெயரில் ழகரத்துக்கு 'இசட் எச்' போடுவதா 'எல்' போடுவதா, கவிதாவுக்கு 'டி' மட்டுமா 'டி எச்'சா என்பதைக் கணினி முன் உட்கார்ந்திருப்பவரிடம் விட்டால் அவருக்குப் பழகினபடி அடிப்பார். இனிஷியல் இன்னொரு தொல்லை. தகப்பனார் ஆதாரில் 'கே. முருகன்', பாஸ்போர்ட்டில் 'முருகன் குப்புசாமி', மருத்துவமனை அட்டையில் வெறும் 'முருகன்' என்று இருந்தால், சான்றில் எது வர வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல் வாங்கினால் பின்னால் தொந்தரவு குறைவு.

பழைய பதிவைத் தேடுவது

அறுபது வயதுக்காரருக்குச் சான்று வேண்டும் என்றால் முதலில் நினைவில் வைக்க வேண்டியது: பதிவேட்டில் அவர் பெயர் அநேகமாக இருக்காது. அந்தக் காலத்தில் 'ஆண்' அல்லது 'பெண்' என்றுதான் எழுதினார்கள். ஆகவே தேடும் மனுவில் தகப்பனார், தாயார் பெயரையும் பிறந்தபோது இருந்த விலாசத்தையும் கொடுக்க வேண்டும். பதிவேடு பிறந்த தேதி வரிசையில் இருக்காது, பதிவு செய்த வரிசையில் இருக்கும். சொன்ன தேதிக்குப் பிறகு சில வாரப் பக்கங்களையும், டிசம்பர் கடைசியில் பிறந்தவர் என்றால் அடுத்த ஆண்டுப் பதிவேட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தேதியிலேயே ஒரு நாள் இடிக்கும். விடியற்காலை இரண்டு மணிக்குப் பிறந்த குழந்தையைப் பாட்டி 'வியாழன் ராத்திரி' என்பார். பஞ்சாங்கத்தில் சூரியன் உதித்தால்தான் அடுத்த நாள். மருத்துவமனை வெள்ளிக்கிழமைத் தேதி போட்டிருக்கும். முன்னும் பின்னும் ஒரு நாள் சேர்த்துத் தேடினால் கிடைத்துவிடும். பழைய சான்றில் 'தென் ஆற்காடு மாவட்டம்' என்று இருந்தால் திருத்தக் கேட்க வேண்டாம். 1993 செப்டம்பர் 30இல்தான் அந்த மாவட்டம் பிரிந்து கடலூர் தனியானது. புதுச்சேரிச் சான்றில் 2006க்கு முன் 'பாண்டிச்சேரி' என்று இருப்பதும் அப்படியே சரி.

பதிவே இல்லை என்றால்

21 நாள் தாண்டி 30 நாளுக்குள் என்றால் தாமதக் கட்டணம் மட்டும். ஒரு வருடத்துக்குள் என்றால் மேலதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதியும் வேண்டும். ஒரு வருடம் தாண்டிவிட்டால் பதிவாளரால் எதுவும் செய்ய முடியாது. கடலூர் மாவட்டத்தில் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) உத்தரவு வாங்கி வர வேண்டும். கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் மூன்று இடத்தில் ஆர்.டி.ஓ. அலுவலகம் உண்டு, இங்கேயும் பிறந்த இடம்தான் கணக்கு.

இதற்கான முதல் காகிதம், பதிவு இல்லை என்ற சான்று. அதைப் பிறந்த ஊர் அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள், வாயால் சொல்வது செல்லாது. அதோடு மருத்துவமனைக் குறிப்பு, தடுப்பூசி அட்டை, பள்ளி மாற்றுச் சான்று, பெற்றோரின் அடையாள ஆவணங்கள் வேண்டும். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று விசாரணை போய்த்தான் உத்தரவு வரும். கோப்பு பெரும்பாலும் தேங்குவது, காகிதங்களுக்குள் தேதி முரண்படும்போது. முரண்பாட்டை மனுவிலேயே ஒரு பத்தியில் விளக்கிவிடுங்கள், அதிகாரி கண்டுபிடிக்கட்டும் என்று விடாதீர்கள்.

திருத்தம்

பிழை மருத்துவமனையில் நேர்ந்தது என்றால் அவர்களிடமே சரியான விவரத்துடன் பதிவாளருக்குக் கடிதம் வாங்குங்கள். மற்றவற்றுக்கு, விவரம் அறிந்த நம்பகமான இரண்டு பேரின் உறுதிமொழி கேட்பார்கள். குழந்தை பிறப்பதற்கு முந்தைய ஆவணமே வலுவானது: தாயின் பெயருக்கு அவர் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், தந்தையின் பெயருக்கு அவர் பள்ளிச் சான்று. போன வாரம் திருத்திய ஆதாரைக் காட்டினால் கேள்விதான் வரும். மூலப் பதிவை அழிக்கமாட்டார்கள்; ஓரத்தில் திருத்தம் எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள்.

பிறப்புப் பதிவும் பள்ளித் தேதியும் வேறுபட்டால் பள்ளிப் பதிவைத் திருத்துவதுதான் வழி. பள்ளியில் சேர்க்க வயது கூட்டிப் போட்டதற்காகப் பிறப்புப் பதிவை மாற்றித் தரமாட்டார்கள்.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் பிறந்த தேதிக்கு இந்தச் சான்று ஒன்றுதான் ஆதாரம். பள்ளிச் சேர்க்கை, ஆதார், ஓட்டுநர் உரிமத்துக்கும் இதையே கேட்பார்கள். கணினிச் சான்று கையில் வந்ததும் அதிலுள்ள கியூஆர் குறியீட்டைப் போனில் வைத்துப் பாருங்கள். திறக்கும் அரசுப் பக்கத்தில் பதிவு எண்ணும் பெயரும் அச்சில் உள்ளபடியே இருக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு அன்றே சான்று அனுப்பும் போலித் தளங்கள் நடமாடுகின்றன. அவை தரும் தாள் பாஸ்போர்ட் ஆபீஸில் மாட்டிக்கொள்ளும். வெளிநாட்டுக்கு வேண்டும் என்றால் மாநில அரசின் சான்றொப்பம் வாங்கி, பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாகும் சான்றொப்பம்) வாங்க வேண்டும். அந்த முத்திரைக்கும் ஸ்டிக்கருக்கும் தாளின் பின்பக்கம் தேவை, அதனால் மூலச் சான்றை லேமினேஷன் செய்யாதீர்கள்; பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால் போதும்.