வெந்தயத் தண்ணீர் குடிப்பவர்கள் செய்யும் தவறுகள்

கடலூர் சில்வர் பீச்சுக்குப் புதிதாக நடக்க வருபவர்களில் பலர் கையில் மஞ்சள் நிறத் தண்ணீர் பாட்டில். கேட்டால், "வெந்தயம் சார், உடம்பு இளைக்க." நாலு வருடம் முன்பு நானும் அப்படித்தான் வந்து நின்றேன். கழுவி ஊறவைக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விடுங்கள்.

தண்ணீரைக் குடித்து விதையைக் கொட்டுவது

100 கிராம் வெந்தயத்தில் சுமார் 25 கிராம் நார்ச்சத்து. வயிற்றில் கொழகொழவென்று ஊறிப் பசியைத் தள்ளிப்போடுவது அதுதான். கொட்டுகிற விதையோடு அதில் பெரும்பங்கு போய்விடுகிறது. மென்று தின்றாலும் ஒரு டீஸ்பூனுக்கு ஒரு கிராம் தேறும். பசி அடங்கியதாகச் சொன்ன ஒரு சிறிய ஆய்வில் காலை உணவோடு கொடுத்தது 8 கிராம் வெந்தய நார். நம் கணக்கில் எட்டு டீஸ்பூன் விதை. கசப்பு கிடக்கட்டும், வயிறு தாங்குமா? கொழுப்பைக் கரைக்கும் என்பதெல்லாம் கதை.

சர்க்கரை மாத்திரையில் சொந்தப் புத்தி

எனக்குக் கிளிமிபிரைடு மாத்திரை. நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது இன்சுலினைச் சுரக்க வைக்கும். வெந்தயமும் தன் பங்குக்குச் சர்க்கரையை இறக்கும். ஒருநாள் வெந்தயம் குடித்ததில் பசிக்கவில்லை என்று இட்லியை விட்டேன், மாத்திரையை விடவில்லை. தேவனாம்பட்டினம் பக்கம் போகும்போது கை நடுங்கியது. மார்கழிக் குளிரில் சட்டை நனைந்தது. மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். கூட வந்தவர் பையிலிருந்த மெஷினில் பார்த்தால் சர்க்கரை 58. 70க்குக் கீழே போனாலே ஆபத்து. டீக்கடைக்காரர் தண்ணீரில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் தெளிந்தேன்.

இந்தக் கதையைச் சொன்னதும் மச்சான் மாத்திரையையே நிறுத்திவிட்டார்! "இனி வெந்தயம் மட்டும்தான் மாமா." இரண்டு மாதத்தில் நாலு கிலோ குறைந்தது. தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ராத்திரியில் நாலைந்து முறை எழுந்து சிறுநீர் கழிப்பதையும், ஓயாத தாகத்தையும் மட்டும் சொல்லவில்லை. சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறினாலும் உடம்பு இளைக்கும். சாப்பாட்டிலிருந்து வருகிற சர்க்கரை உடம்பில் சேராமல் சிறுநீரில் போய்விடும். பரிசோதித்தபோது வெறும் வயிற்றில் 280. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. மெலிந்ததற்கு வாழ்த்தியவர்களில் நானும் ஒருவன்.

தைராய்டு மாத்திரையோடு சேர்த்துக் குடிப்பது

கூடாது. மாத்திரைக்கு வெறும் தண்ணீர்தான். வெந்தயத்துக்கு நல்ல இடைவெளி விடுங்கள், எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கர்ப்பிணிகள்

குழம்பில் போடுகிற அளவு போதும்.

தேன் கலப்பது

அதுவும் சர்க்கரைதான்.

குடித்த தைரியத்தில் கொறிப்பது

பண்ருட்டி பக்கத்து ஊர். வீட்டில் முந்திரி இல்லாத நாள் கிடையாது. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், 160 கலோரிக்கு மேல். ஒரு டீஸ்பூன் வெந்தயத்தால் இதை ஈடுகட்ட முடியாது. எங்கள் வீட்டில் டப்பாவை மேல் அலமாரிக்கு மாற்றியிருக்கிறாள் மனைவி. எனக்கு எட்டுகிற உயரம்தான்.