ஃபவுண்டேஷனை இரண்டாவது முறை படிப்பது எப்படி

ஐசக் அசிமோவின் ஃபவுண்டேஷன் அறிவியல் புனைகதை வரிசையை இன்னும் ஒருமுறைகூட முடிக்காதவர்கள் இத்தோடு கிளம்பிவிடுங்கள். கீழே எல்லா முடிச்சும் அவிழ்ந்து கிடக்கும், அவற்றில் குறைந்தது இரண்டு தெரியாமலே போய் மாட்டிக்கொள்ள வேண்டியவை.

சரி, முடித்தவர்களுக்கு. மறுபடி படிக்கலாம் என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது, எந்த வரிசையில் என்றுதான். 1988-இல் வந்த 'ப்ரீலூட் டு ஃபவுண்டேஷன்' முன்னுரையில் அசிமோவே ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார்: முதலில் ரோபோ கதைகள், அப்புறம் பேரரசு நாவல்கள், அப்புறம் ஃபவுண்டேஷன் என்று கதை நடக்கும் கால வரிசையில். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது, ஆனால் நான் அதைச் சொல்ல மாட்டேன். அறுபதைத் தாண்டிய மனிதர் எழுதியதைப் படித்து முடித்த கையோடு, அதே மனிதர் இருபத்தொரு வயதில் எழுத ஆரம்பித்ததற்குள் போய் விழுவீர்கள். இளைஞர் எழுதியது மெலிந்துபோய்த் தெரியும், அது அதற்குச் செய்யும் அநியாயம்.

வெளிவந்த வரிசையிலேயே போங்கள். கூடவே ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: கதைக்குள் ஃபவுண்டேஷன் தொடங்கி எத்தனையாவது ஆண்டு, வெளியே அது எழுத்தாகி வந்தது எந்த ஆண்டு. டெர்மினஸ் கோளின் மேயர் சால்வர் ஹார்டினின் முதல் கதை உள்ளே 50-ஆம் ஆண்டு, வெளியே 1942 மே மாத 'அஸ்டவுண்டிங்' இதழ். மற்றவர்கள் மனதை வசப்படுத்தும் மியூல் என்பவனின் கதை உள்ளே சுமார் 300, வெளியே 1945 கடைசி. 'ஃபவுண்டேஷன்ஸ் எட்ஜ்' உள்ளே 498, வெளியே 1982. இந்தத் தாள் இல்லாமல் படித்தால், எது ஆசிரியர் அப்போதே திட்டமிட்டு வைத்தது, எது நாற்பது வருடம் கழித்து ஒட்டவைத்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது. இரண்டாவது வாசிப்பில் எனக்குப் பாதி சுவாரஸ்யம் அந்தப் பிரிப்பில்தான்.

உதாரணத்துக்கு முதல் புத்தகத்தின் முதல் பகுதியையே எடுங்கள். எதிர்காலத்தைக் கணிதத்தால் கணிக்கும் ஹாரி செல்டனும் இளம் கணிதர் கால் டோர்னிக்கும் பேரரசின் தலைநகர் ட்ரான்டரில் சந்திக்கும் அந்தப் பகுதி இதழில் வரவே இல்லை, 1951-இல் புத்தகமாகப் போடும்போது சேர்த்து எழுதியது. அதாவது, செல்டன் மறைத்து வைத்த இரண்டாவது ஃபவுண்டேஷன் எங்கே இருக்கிறது என்ற புதிரின் விடையை 1950 ஜனவரி இதழோடு வாசகர்களிடம் சொல்லி முடித்த பிறகு எழுதியது. எனவே அங்கே செல்டன் கேலக்ஸியின் மறுமுனை என்று பேசும் இடத்தில் வேகத்தைக் குறையுங்கள். விடை தெரிந்த ஆள் முகத்தில் ஒன்றும் காட்டாமல் எழுதியிருக்கிறார், செல்டனும் அப்படியேதான் பேசுகிறார்.

அதே புத்தகத்தில் என்சைக்ளோபீடியா கேலக்டிகாவிலிருந்து மேற்கோள்கள் வரும். முதல் மேற்கோளுக்கு ஓர் அடிக்குறிப்பு உண்டு, முதல் தடவை எல்லாரும் தாண்டிப் போயிருப்போம். 116-ஆம் பதிப்பு, டெர்மினஸில் வெளியீடு, ஃபவுண்டேஷன் ஆண்டு 1020 என்று அதில் இருக்கும். விழும் பேரரசுக்குப் பின் புதியதை எழுப்பும் செல்டன் திட்டம் ஆயிரம் ஆண்டுக் கணக்கு. 498-இல் கேலக்ஸியே ஒரே மனமாக மாறட்டும் என்று 'எட்ஜ்' நாயகன் ட்ரெவிஸ் முடிவெடுத்துவிடுகிறார், அதற்கடுத்த நாவலோடு கதையும் நிற்கிறது. ஆனால் 1020-இல் டெர்மினஸில் ஒரு பதிப்பகம் உட்கார்ந்து புத்தகம் போட்டுக்கொண்டிருக்கிறது. இதை வைத்து ஒரு மாலைப்பொழுது முழுக்க நண்பர்களோடு சண்டை போடலாம்.

இப்போது மியூல். இரண்டாவது வாசிப்பில் இதற்குத்தான் நிறைய நேரம் கொடுக்க வேண்டும். செய்ய வேண்டியது ஒன்றுதான்: கதையை விட்டுவிட்டு, மியூலே மாறுவேடத்தில் இருக்கும் கோமாளி மாக்னிஃபிகோவை மட்டும் பின்தொடருங்கள். அவன் எந்த அறையில் இருக்கிறான், அந்த அறையில் மற்றவர்கள் மனநிலை என்ன ஆகிறது, இது மட்டும் போதும். கால்கன் கடற்கரையில் பயந்து நடுங்கிக்கொண்டு வந்து பேய்ட்டா, டோரன் தம்பதியிடம் அடைக்கலம் கேட்கிறானே, அப்புறம் அவனைக் கடத்திவிட்டார்கள் என்பதே போருக்குச் சாக்காகிறது. தன்னைத் தானே தூதனுப்பி, அந்தத் தூதனைக் காணோம் என்று தானே புகாரும் கொடுக்கிறான்! டெர்மினஸ் காலப்பெட்டகக் காட்சிக்கு வாருங்கள். செல்டன் முன்பே பதிந்து வைத்த உருவம் தோன்றி, நடக்கவே நடக்காத ஓர் உள்நாட்டுப் போரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது, அணு கடிகாரங்கள் நின்றுபோகின்றன, அறை முழுக்க நம்பிக்கை வடிந்துபோகிறது. முதல் தடவை நாம் செல்டனையே பார்த்துக்கொண்டிருந்தோம். இந்தத் தடவை அதே அறையில் ஒண்டிக்கொண்டிருக்கும் கோமாளியைப் பாருங்கள். ஹேவன் கோளுக்குப் போகிறார்கள், அங்கேயும் அதே சோர்வு பரவுகிறது. அது போரின் களைப்பு என்றுதான் முதலில் நினைத்திருப்போம்.

கோமாளியை முடித்த பிறகு பேய்ட்டாவின் பக்கங்களை மட்டும் திரும்பப் புரட்டுங்கள். அவள் அவனிடம் காட்டும் சின்னச் சின்ன அன்பெல்லாம் முதல் வாசிப்பில் இடைவெளி நிரப்பும் வரிகள். இப்போது அவைதான் கதையின் அச்சாணி. யாரும் தூண்டாமல் அவளாகவே தன்னிடம் பிரியமாக இருந்ததால்தான் அவன் அவள் மனதைத் தொடவில்லை, தொடாததால்தான் அவளால் மட்டும் தெளிவாக யோசிக்க முடிந்தது, அறிஞர் எப்லிங் மிஸ் வாயைத் திறந்து இரண்டாவது ஃபவுண்டேஷன் இருக்கும் இடத்தைச் சொல்லுமுன் சுடவும் முடிந்தது.

மூன்றாவது புத்தகத்தில் வரும் சிறுமி ஆர்கேடியின் கதைக்கும் இதே வேலைதான், பின்தொடர வேண்டியவர் ப்ரீம் பால்வர். விவசாயிபோல வந்து ஒரு சிறுமிக்கு உதவி செய்யும் அவர் பேச்சை, அவர்தான் இரண்டாவது ஃபவுண்டேஷனின் தலைவர் என்று தெரிந்த பிறகு படித்தால் சிரிப்பு வரும். இரண்டாவது தடவையும் முழுசாக உட்கார்ந்து படித்தே ஆக வேண்டும் என்று மட்டும் இல்லை. வணிகர்கள் பகுதியில் வேகமாகப் போகலாம், பாவமில்லை.

அடுத்தது, இல்லாதவற்றைத் தேடுவது. முதல் மூன்று புத்தகங்களில் ரோபோவே கிடையாது. கணினி என்று சொல்லும்படியும் ஒன்றும் இல்லை. ஆர்கேடியின் வீட்டில் பேசினால் அழகான கையெழுத்தில் எழுதித் தரும் கருவி இருக்கிறது, விண்கலம் தொலைதூரம் தாவுவதற்குக் கணக்குப் போட மட்டும் மனிதன் உட்கார வேண்டும். 1982-இல் ட்ரெவிஸ் மேசையில் கைகளை வைத்ததும் மனதோடு பேசும் கணினி வந்துவிடுகிறது. இதைக் குறையாக எழுதி வைக்காதீர்கள், துண்டுத் தாளில் இருக்கும் இரண்டாவது ஆண்டைப் பாருங்கள், புரியும்.

ரோபோ விஷயம் வேறு மாதிரி. 'ரோபோட்ஸ் அண்ட் எம்பயர்' (1985) கடைசி அத்தியாயங்களைப் படித்துவிட்டு, பூமி கதிரியக்கத்தில் கிடக்கும் 'பெபிள் இன் த ஸ்கை' (1950) நாவலுக்குப் போங்கள். அங்கே அது ஏதோ பழைய அணுப்போரின் மிச்சம் என்றுதான் தோன்றும். கிஸ்கார்ட் என்ற ரோபோ தெரிந்தே நடக்கவிட்டது என்று 1985-இல் மாற்றி வைத்துவிட்டார். பழைய புத்தகத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஆனால் அந்தப் பூமியைப் பார்க்கும்போது வரும் கோபம் வேறு ஆள்மேல் போய்விடுகிறது. டேனீல் என்ற ரோபோதான் பேரரசரின் முதலமைச்சர் டெமர்ஸல் என்பதைப் பழைய மூன்று புத்தகங்களுக்குள் கொண்டுபோய் வைக்க முயன்றால் அவ்வளவு நன்றாகப் பொருந்தாது என்பது என் கருத்து. செல்டனின் கணிதம் பெரிசா, பின்னால் நிற்கும் ரோபோ பெரிசா என்று ஒவ்வொரு பக்கமும் சந்தேகம் வந்து, வெறும் கணக்கை நம்பி ஓடிய கதையின் விறுவிறுப்பு போய்விடும். அதனால் முதல் மூன்றைப் படிக்கும்வரை டேனீலை வாசலிலேயே நிறுத்தி வையுங்கள், 'எட்ஜ்' வந்ததும் உள்ளே விடலாம்.

அசிமோவ் 1992-இல் இறந்த பிறகு பென்ஃபோர்ட், பேர், பிரின் மூவரும் ஆளுக்கொன்றாக எழுதிய மூன்று நாவல்களை இந்தச் சுற்றில் சேர்க்க வேண்டாம். 2021-இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு டெமர்ஸல் ரோபோ என்பது ஏற்கெனவே தெரிந்திருக்கும், அவர்கள் 'ப்ரீலூட்' நாவலில் ஹம்மின் என்ற பத்திரிகையாளர் வேடத்தில் டெமர்ஸல் செல்டனைப் பூங்காவில் சந்திக்கும் இடத்திலிருந்து தொடங்கினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.