ஹைஸ்கூல் கிராஸ் கன்ட்ரி: டீமில் சேர்வதும் முதல் சீசனை முழுசாக ஓடி முடிப்பதும்

எங்கள் மகள் ஒன்பதாம் வகுப்பில் கிராஸ் கன்ட்ரி (பூங்கா, மேடு பள்ளம் என்று திறந்தவெளியில் ஓடும் நீண்ட தூர ஓட்டம்) சேர்ந்ததிலிருந்து, மே மாதம் வந்தாலே பிள்ளையை எப்படிச் சேர்ப்பது, எப்படித் தயார் செய்வது என்று தெரிந்தவர்களிடமிருந்து அதே கேள்விகள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. ஆளுக்கொரு குரல் பதிவு அனுப்புவதற்குப் பதில் இங்கே எழுதி வைக்கிறேன். நாங்கள் இருப்பது கலிபோர்னியா, பே ஏரியா. வேறு மாநிலம் என்றால் படிவமும் தேதியும் மாறும்; ஓடுகிற முறை மாறாது.

கூடைப்பந்து, வாலிபாலுக்கெல்லாம் ட்ரைஅவுட் வைத்துப் பாதிப் பேரைத் திருப்பி அனுப்புவார்கள். கிராஸ் கன்ட்ரியில் பெரும்பாலான பள்ளிகள் வருகிற எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும். இதுவரை ஒரு மைல்கூட ஓடாத பிள்ளையும் சேரலாம். அரசுப் பள்ளியில் இதற்குக் கட்டாயக் கட்டணம் வாங்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. "டொனேஷன்" என்று ஒரு தொகை சொல்வார்கள். முடிந்தால் கொடுங்கள், முடியாவிட்டால் பிள்ளையின் இடம் போய்விடாது.

படி 1: கோச்சுக்கு மெயில்

பள்ளி இணையதளத்தில் அத்லெடிக்ஸ் பக்கத்தில் கோச்சின் முகவரி இருக்கும். மே மாதத்திலேயே, பிள்ளையே எழுதட்டும். பெயர், வகுப்பு, ஓடிய அனுபவம் உண்டா இல்லையா, கோடைப் பயிற்சி எப்போது. நான்கு வரி போதும்.

படி 2: கிளியரன்ஸ் (எல்லோரும் மாட்டிக்கொள்வது இங்கேதான்)

கிளியரன்ஸ் என்றால் பிள்ளை விளையாடலாம் என்று பள்ளி தரும் அனுமதி. அது கிடைக்காமல் ஒரு நாள்கூட டீமோடு ஓட விடமாட்டார்கள். ஆன்லைனில் கையெழுத்திட வேண்டியவை நிறைய: தலைக்காயம் பற்றிய தாள், திடீர் இதயநிறுத்தம் பற்றிய தாள், இன்ஷூரன்ஸ் விவரம். அவை அரை மணி நேர வேலை. பிரச்சினை தருவது டாக்டர் பரிசோதித்துக் கையெழுத்திட வேண்டிய உடல்தகுதிப் படிவம், அதாவது "பிசிக்கல்".

பிசிக்கல் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். நம் வீடுகளில் பிள்ளையின் வருடாந்திரப் பரிசோதனையைப் பிறந்தநாளை ஒட்டி வைத்துவிடுவோம். அக்டோபரில் பிறந்த பிள்ளைக்குச் சென்ற அக்டோபரில் வாங்கிய பிசிக்கல் ஆகஸ்டில் செல்லுபடியாகும், சீசனின் முக்கியமான போட்டிகள் வருகிற இந்த அக்டோபரில் காலாவதியாகும். அன்றைக்கே கிளியரன்ஸ் ரத்து. அவசரமாக டாக்டரைக் கூப்பிட்டால் நவம்பரில்தான் இடம் இருக்கிறது என்பார்கள். எங்களுக்கு நடந்தது இதுதான்.

தீர்வு இரண்டு. வருடாந்திரப் பரிசோதனையை ஜூன் மாதத்துக்கு மாற்றுங்கள். அதற்கு முன் இன்ஷூரன்ஸில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வருடத்துக்கு ஒன்று என்பது காலண்டர் வருடமா, போன பரிசோதனையிலிருந்து 365 நாளா? இரண்டாவது என்றால் முழு பில்லும் உங்கள் தலையில் விழும். அப்படியானால் மருந்துக்கடைகளோடு சேர்ந்த சின்ன கிளினிக்குகளில் ஸ்போர்ட்ஸ் பிசிக்கல் மட்டும் கைக்காசு கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். எங்கே போனாலும் பள்ளியின் படிவத்தை அச்செடுத்துக் கொண்டுபோங்கள். டாக்டர் அலுவலகம் தன் சொந்தத் தாளில் கொடுப்பதைப் பல பள்ளிகள் ஏற்பதில்லை.

படிவத்தில் குடும்ப வரலாறு என்று ஒரு பகுதி வரும். இளவயதில் யாராவது இதயக் கோளாறால் இறந்தார்களா, காரணம் தெரியாமல் திடீரென இறந்தார்களா என்று கேட்டிருக்கும். யோசிக்காமல் வரிசையாக "இல்லை" போட்டுவிடாதீர்கள். ஊருக்கு போன் செய்து பாட்டியிடம் கேளுங்கள். "உங்க தாத்தாவோட தம்பி வயல்ல வேலை பாத்துட்டிருந்தப்பவே சாஞ்சிட்டாரு" என்கிற மாதிரித் தகவல் அங்கிருந்துதான் வரும். டாக்டருக்கு அது வேண்டும்.

மார்க் விஷயம்: மாநில விதிப்படி ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) 2.0-க்குக் குறையக்கூடாது. நம் பெற்றோர்களுக்கு அந்தக் கவலை இருக்காது, "இவ்வளவு நேரம் ஓடினால் படிப்பு?" என்பதுதான் கவலை. பயிற்சி வாரத்துக்கு 18 மணி நேரம், ஒரு நாளுக்கு 4 மணி நேரம் தாண்டக்கூடாது என்று சிஐஎஃப் (கலிபோர்னியாவில் ஹைஸ்கூல் விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) விதி உண்டு. நடைமுறையில் அந்த அளவை நெருங்குவதே அபூர்வம்.

படி 3: ஷூ

மற்ற எதிலும் மிச்சம் பிடியுங்கள், ஷூவில் வேண்டாம். டென்னிஸ் ஷூ, ஜிம் ஷூ உதவாது; ஓடுவதற்கென்றே செய்தது வேண்டும். ஓட்டக்காரர்களுக்கான கடைக்குச் சாயங்காலம் போங்கள், பகல் முழுக்க நடந்தபின் பாதம் சற்று வீங்கியிருக்கும். முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு வாங்குங்கள். பிராண்டில் எனக்குப் பிடிவாதம் இல்லை. போன வருட மாடலைத் தள்ளுபடியில் வாங்குவதில் உண்டு. 300 முதல் 500 மைலுக்குள் மாற்ற வேண்டியிருக்கும்.

ஸ்பைக் ஷூ (அடியில் சின்ன ஆணிகள் உள்ள போட்டி ஷூ) முதல் வருடம் வேண்டவே வேண்டாம். ஜிபிஎஸ் வாட்சும் வேண்டாம். சாதாரண காசியோ போதும். மணிக்கட்டில் வேகம் தெரிந்தால் பிள்ளை அந்த எண்ணைத் துரத்த ஆரம்பித்துவிடும், அடுத்த படி கெட்டுவிடும்.

படி 4: மெதுவாக ஓடுவது

ஜூனில் ஆரம்பியுங்கள். அதிகாரப்பூர்வப் பயிற்சி ஆகஸ்டில் தொடங்கும்போது முப்பது நிமிடம் நிற்காமல் ஓட முடிந்தால் போதும். முதல் இரண்டு வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டு முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். அடுத்து இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் குறையுங்கள்.

வேகம் எவ்வளவு? ஓடிக்கொண்டே ஏழாம் வாய்ப்பாட்டைத் திணறாமல் சொல்ல முடிகிற வேகம். மூவேழு இருபத்தொன்றிலேயே இளைத்தால் குறைக்க வேண்டும். பிள்ளைகள் இதை நம்பமாட்டார்கள். மூச்சு முட்டினால்தான் பயிற்சி என்று நினைக்கிறார்கள், தினமும் போட்டிபோல் ஓடுகிறார்கள், செப்டம்பரில் காலைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்காருகிறார்கள். சேர்ந்த பிறகும் வாரத்தில் இரண்டு நாள்தான் கடினமான பயிற்சி இருக்கும்: ஒரு நாள் மேடு ஏறி ஓடுவது, இன்னொரு நாள் இன்டர்வல், அதாவது வேகமாக ஓடுவதும் இடையிடையே இளைப்பாறுவதுமாக மாறி மாறி. மற்ற நாட்கள் மெதுவோட்டம், கடைசியில் நான்கைந்து முறை எண்பது நூறு மீட்டர் விரைந்து ஓடுவதை ஸ்ட்ரைட்ஸ் என்பார்கள். நீண்ட ஓட்டம் வாரம் ஒன்று. ஞாயிறு ஓய்வு.

முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி வந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள். எலும்பின் உள்பக்க ஓரமாக நீளவாக்கில் வலித்து, ஓட ஓடக் கொஞ்சம் குறைந்தால் பெரும்பாலும் ஷின் ஸ்பிளின்ட், அதிகம் ஓடுவதால் அந்த எலும்பை ஒட்டி வரும் வலி. ஓட்டத்தைக் குறைத்தால் சரியாகும். ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பில் விரிசலாக இருக்கலாம். அன்றே ஓட்டத்தை நிறுத்தி டாக்டரிடம் போங்கள். ஐஸ் வைத்துச் சமாளிக்கிற விஷயம் இல்லை.

படி 5: முதல் போட்டி

போட்டி பொதுவாக மூன்று மைல் அல்லது 5 கிலோமீட்டர், பூங்காவிலோ மலைச்சரிவிலோ நடக்கும். எங்கள் பக்கத்தில் எல்லோரும் பயப்படுவது பெல்மான்ட்டில் உள்ள கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸ்: 2.95 மைல், மேடுகளுக்குக் குறைவில்லை.

மதிப்பெண் கணக்கு பெற்றோருக்குக் குழப்பம். ஒரு பள்ளிக்கு ஏழு பேர், அவர்களில் முதல் ஐவர் எத்தனையாவதாக வந்தார்கள் என்ற எண்களைக் கூட்டுவார்கள், குறைந்த கூட்டுத்தொகைக்கு வெற்றி. ஒரு பள்ளி 1, 2, 3, 20, 30 என்று வந்தால் 56. இன்னொன்று 6, 7, 8, 9, 10 என்று வந்தால் 40, அவர்களே ஜெயித்தார்கள். முதல் மூவரை வைத்திருந்தும் தோற்கலாம் என்பதால் டீமின் ஐந்தாவது ஆளைத்தான் கோச் அதிகம் கவனிப்பார். ஆறாவது, ஏழாவது ஆளின் இடம் கூட்டலில் வராது, ஆனால் எதிரணியின் ஆளை முந்தி அந்த அணியின் கூட்டுத்தொகையை உயர்த்திவிடுவார்கள். உங்கள் பிள்ளை முதல் வருடம் பெரும்பாலும் ஜேவியில் (பள்ளியின் முதன்மை அணிக்கு அடுத்த நிலை அணி) ஓடும். அங்கே ஆள் கணக்கே இல்லை, கூட்டமாக ஓடுவார்கள்.

சாப்பாடு மூன்று மணி நேரம் முன்னால். இட்லி அருமை, சாம்பாரும் காரச் சட்னியும் போட்டி முடிந்த பிறகு.

பின்னர் சேர்த்தவை

சைவம் சாப்பிடும் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்குச் சீசன் நடுவில் காரணமில்லாமல் வேகம் குறைந்து எப்போதும் களைப்பாக இருப்பதாகச் சிலர் சொன்னார்கள். ஹீமோகுளோபின் மட்டும் பார்க்காமல் ஃபெரிட்டினும் (உடலில் இரும்பு இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்பு இருப்பு குறைந்திருக்கலாம். சாப்பாட்டோடு காபி, டீ குடித்தால் இரும்பு உடலில் சேர்வது குறையும். கீரையோடு எலுமிச்சை பிழிந்து கொடுப்பது நல்லது. மாத்திரையை நீங்களாக ஆரம்பிக்காதீர்கள்.

சனிக்கிழமைப் போட்டிகள் தமிழ்ப் பள்ளி வகுப்போடு மோதும். ஆகஸ்டிலேயே கோச் தரும் அட்டவணையைத் தமிழ்ப் பள்ளி ஆசிரியருக்கு அனுப்பிவிடுங்கள். எங்கள் ஆசிரியை வீட்டுப்பாடத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுவார்.

மாநில இறுதிப் போட்டி ஃப்ரெஸ்னோ உட்வர்ட் பார்க்கில், தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை. முதல் வருடப் பிள்ளைகளில் அதுவரை போகிறவர் மிகக் குறைவு, பலருக்கு நவம்பர் தொடக்கத்திலேயே சீசன் முடியும். டிசம்பரில் ஊருக்கு டிக்கெட் போடத் தயங்க வேண்டாம்.