பால், தயிர் இல்லாத தட்டு: நனிசைவத்தில் (வீகன் உணவில்) சத்துக் கணக்கு போடுவது எப்படி?

பால், தயிர், நெய் மூன்றையும் எடுத்துவிட்டாலும் நம் வீட்டுச் சமையல் பெரிதாக மாறுவதில்லை. இட்லி இருக்கிறது, சாம்பார் இருக்கிறது, சுண்டல் இருக்கிறது. அதனாலேயே பலர் மோருக்குப் பதில் இன்னொரு கரண்டி ரசம் என்று இறங்கிவிடுகிறார்கள். தயிரோடு சேர்ந்து என்னென்ன வெளியே போனது என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த எண்ணிக்கைதான் இது.

60 கிலோ எடையுள்ள, நோய் எதுவும் இல்லாத பெரியவருக்கான கணக்கு. அளவுகோல், ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை.

படி 1: மாத்திரையில் தொடங்குங்கள்

பி12 வைட்டமின் செடிகொடிகளில் கிடைக்காது. சுருள்பாசியில் (ஸ்பைருலினா) இருப்பது பெரும்பாலும் அதன் போலி வடிவம், உடம்புக்கு உதவாது. பழைய சோற்றில் பி12 கொட்டிக் கிடப்பதாகச் சுற்றும் வாட்ஸ்அப் செய்திகளை நம்பி மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒரு நாள் தேவை 2.2 மைக்ரோகிராம். மாத்திரையில் மட்டும் ஏன் 50, 1000 என்று இருக்கிறது? ஒரு வேளையில் குடல் முறையாக உறிஞ்சுவது சுமார் 2 மைக்ரோகிராம்தான். மிச்சத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் உடம்பில் சேரும். ஆகவே தினமும் 50 மைக்ரோகிராம், அல்லது வாரம் இரண்டு முறை 1000. சயனோகோபாலமின் என்ற பி12 வடிவமே போதும், விலையும் குறைவு.

ஈரலில் பழைய சேமிப்பு இருப்பதால் குறைபாடு வெளியே தெரிய ஆண்டுக்கணக்கில் ஆகலாம். கால் மரத்துப்போன பிறகு தொடங்கினால் சில நரம்புப் பாதிப்புகள் திரும்பாமலே போகக்கூடும்.

படி 2: புரதத்தைக் கிராமில் எண்ணுங்கள்

கிலோவுக்கு 0.83 கிராம். 60 கிலோவுக்கு 50 கிராம். ஒரு நாள் தட்டு இப்படி (எடை எல்லாம் சமைக்கும் முன், இட்லி தவிர; கடைசி எண் புரதம், கிராமில்):

- பச்சைப்பயறு 40 கிராம், முளைகட்டியது: 9
- இட்லி 4: 8
- அரிசி 80 கிராம்: 6
- சாம்பாரில் துவரம்பருப்பு 30 கிராம்: 6
- சோயா உருண்டை 25 கிராம்: 13
- வேர்க்கடலை 30 கிராம்: 7
- இரவு கேழ்வரகு தோசைக்கு மாவு 60 கிராம்: 4

மொத்தம் 53. சோயா பிடிக்காதவர்கள் கொண்டைக்கடலை 60 கிராம் போட்டால் 11 வரும்.

கணக்கு கவிழ்வது சாம்பாரில்தான். தலைக்கு 30 கிராம் பருப்பு என்றால் குவித்த இரண்டு மேசைக்கரண்டி, நாலு பேருக்கு 120 கிராம். ஆளாளுக்கு 10 கிராம்கூடத் தேறாத தண்ணிச் சாம்பாரில் இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டு, பருப்பு சாப்பிட்டாச்சு என்று எழுதிக்கொள்ளக் கூடாது.

படி 3: பயறு முளைகட்டுதல்

இரண்டு மூன்று தண்ணீரில் கழுவி, 8 மணி நேரம் ஊற வையுங்கள். தண்ணீரைச் சொட்டு விடாமல் வடித்து, ஈரப் பருத்தித் துணியில் தளர்வாகக் கட்டித் தொங்கவிடுங்கள். 12 மணி நேரத்தில் அரை அங்குல வால் வரும். சித்திரை வெயிலில் நடுவே ஒருமுறை அலசிக் கட்டவும்.

பிரித்ததும் நூல் இழுத்தாலோ, புளித்த வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள். இறுக்கிக் கட்டியதாலோ, அடியில் தண்ணீர் தங்கியதாலோ வருவது அது. முளை வளரத் தேவைப்படும் அதே வெதுவெதுப்பும் ஈரமும் சால்மோனெல்லா கிருமிக்கும் கொண்டாட்டம். கழுவினால் முழுக்கப் போகாது. கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள் நன்றாக வேகவைத்தே சாப்பிட வேண்டும்.

இன்னொன்று: முளைவிட்டதும் எடை கூடுவது தண்ணீரால். புரதம் காய்ந்த பயற்றில் இருந்த அளவுதான்.

படி 4: தயிர் விட்டுச் சென்ற கால்சியம்

தேவை 1000 மில்லிகிராம். கேழ்வரகு 60 கிராமில் சுமார் 220, தோலோடு கூடிய எள் 15 கிராமில் 190, முருங்கைக்கீரை 100 கிராமில் 300. மீதி 290-ஐ கால்சியம் சேர்த்த சோயா பாலில் எடுக்கலாம். 100 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்று அட்டையில் இருந்தால் ஒரு டம்ளர் போதும். அந்தப் பாக்கெட்டை நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள், கால்சியம் அடியில் படிந்துவிடும். தேங்காய்ப்பாலும் வீட்டில் அரைத்த பாதாம்பாலும் ருசிக்கு மட்டும்.

தோல் நீக்கிப் பளபளக்கும் எள்ளில் கால்சியம் பெரும்பகுதி தோலோடு போயிருக்கும். பாலக்கில் இருப்பதை அதன் ஆக்சலேட் பிடித்து வைத்துக்கொள்ளும்.

படி 5: இரும்பு

ஆண்களுக்கு 19, பெண்களுக்கு 29 மில்லிகிராம். செடியிலிருந்து வரும் இரும்பு தயங்கித் தயங்கித்தான் ஏறும். எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருந்தால் வேகம் கூடும். சுண்டலை இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள், கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி வீணாகும். சாப்பிட்ட கையோடு கடுங்காப்பி வேண்டாம், ஒரு மணி நேரம் போகட்டும். இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் இரும்பு கூடுதலாக இறங்கும். கொதித்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றாவிட்டால் குழம்பு கறுத்து, துருச்சுவை அடிக்கும்.

படி 6: உப்பும் ஆளிவிதையும்

இந்துப்புக்கு மாறியவர்கள் கவனிக்கவும்: அதில் பொதுவாக அயோடின் சேர்ப்பதில்லை. அயோடின் உப்பையே வாங்கி, சமையல் முடியும் நேரத்தில் போடுங்கள்.

ஒமேகா-3க்கு ஆளிவிதைப் பொடி ஒரு மேசைக்கரண்டி. முழுதாக விழுங்கினால் முழுதாகவே வெளியே வரும். ஒரு வாரத்துக்கு மட்டும் பொடித்து ஃபிரிட்ஜில் வையுங்கள், இல்லையேல் சிக்கு வாடை வரும்.

முழுக்க முழுக்கச் சமைக்காமல் சாப்பிட நினைத்தால்

அவல், தேங்காய், பழம், முளைப்பயறு என்று ஒரு வேளை நல்லதே. மூன்று வேளையும் அப்படியென்றால் வயிறு நிறையும், கலோரி நிறையாது. ஜெர்மனியில் 1999-ல் வெளியான ஆய்வில், பெரும்பாலும் பச்சையாகவே உண்ட 45 வயதுக்குட்பட்ட பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு மாதவிலக்கு தப்பியோ நின்றோ போயிருந்தது. எடை இறங்கினால் முதலில் தேங்காயையும் கடலையையும் கூட்டுங்கள், பிறகு ஒரு வேளையைச் சமையலுக்கு மாற்றுங்கள்.

ராஜ்மாவைப் பச்சையாகத் தொடவே கூடாது. நாலைந்து பயறே வாந்தி எடுக்க வைக்கும். 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவெனக் கொதிக்க வேண்டும். மரவள்ளியில் சயனைடு உண்டு, அதையும் வேகவைத்தே சாப்பிட வேண்டும்.

படி 7: ரத்தப் பரிசோதனை

தொடங்கும்போது ஒருமுறை, ஆறு மாதத்தில் ஒருமுறை: பி12, ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), வைட்டமின் டி, ஹீமோகுளோபின். ஹீமோகுளோபினை மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். கீரையிலும் பருப்பிலும் ஃபோலேட் (பி9 வைட்டமின்) தாராளமாக இருப்பதால், பி12 குறைந்தாலும் ரத்தசோகை காட்டாமல் மறைந்திருக்கும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு அந்த மாத்திரையும் பி12ஐக் குறைக்கும், அவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யவும்.